அவசரம்

தார்த்து நகரில் ஒரு பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு.
செவ்வாய்தோறும் ஒன்பது பேர் வருகிறோம்.
ஒருவர் பாஷை மற்றவருக்கு அரைகுறை.
அதனால் அதிகம் பேசுவதில்லை,
அதுவும் வசதிதான்.

ஆறு உறைந்த மாதம்.
வெறும் காலுறையோடு பலகையில் நின்றால்
முதலில் விரல்கள் மரத்துப்போகும்,
பிறகு வெட்கம்.

வெளியே மணல்மேட்டைப் பனி மூடிவிட்டது.
இருபத்தெட்டு மீட்டர், இலக்கு எல்லாம்
ஏப்ரலில்தான்.
இப்போதைக்கு இரண்டே மீட்டரில்
இடுப்பளவு வைக்கோல் உருளை.
குருடனும் அடித்துவிடலாம்.
சாக்குச் சொல்ல இடமே இல்லை.

நருமி செந்தாயிலிருந்து மண்ணியல் படிக்க வந்தவள்.
முதல் நாள் எல்லோரும் அவளையே பார்த்தோம்,
அவள் எங்களைப் பார்த்தாள்.
ஊரில் வில்லைத் தொட்டதே இல்லையாம்.
ஒட்டாவியா ரொட்டிக்கடை முடித்து வருவாள்,
புருவத்தில் மாவு இருக்கும்.
ஸுராப் வில்லை உறையிலிருந்து எடுக்கும்போது
தூங்கும் பிள்ளையை எடுக்கிறவன் மாதிரி
மூச்சைப் பிடித்துக்கொள்வான்.

எனக்கு ஒரு கோளாறு.
ஜப்பானியர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.
நாணை முழுக்க இழுக்குமுன்
அம்பு போய்விடும்.
நான் விடவில்லை. கையும் விடவில்லை.
தும்மல் மாதிரி,
வந்த பிறகுதான் தெரியும்.

இரவில் எனக்கு அவசர அழைப்பு மையத்தில் வேலை.
மணி ஒருமுறை அடித்து ஓய்வதற்குள் எடுக்க வேண்டும்.
எடுத்ததும் "எங்கே?"
"என்ன?" என்பதெல்லாம் அப்புறம்.
பதினோரு வருஷம்.
மகன் தூக்கத்தில் இருமினால்கூட
"எங்கே?" என்கிறேன்.
சம்பளம் கொடுப்பது அவசரம்,
இங்கே எனக்கு வியாதியும் அவசரம்.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இரண்டு இடத்தில் பிழைக்கப் பார்க்கிறேன்.

போன திங்கள் இரவு ஒரு அழைப்பு.
எங்கே என்றேன். பதில் இல்லை.
மூச்சு மட்டும்.
வோரு பக்கத்துக் காடு என்று திரை சொன்னது,
பெரிய வட்டமாக.
வட்டத்துக்குள் பதினேழு வீடுகள், முழங்கால் பனி.
வண்டி ஒவ்வொரு வாசலாகப் போய்த் தட்டிற்று.
நாற்பத்தொரு நிமிஷம்
நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.
நடுநடுவே "இருக்கிறேன்" என்றேன்.
மூச்சு ஒரு தரம் நின்று,
நான் எழுந்து நின்று,
மறுபடி வந்தது.
கடைசியில் கதவு, ஒரு நாய், கனத்த பூட்ஸ்.
யாரோ போனை அணைத்தார்கள்.
அதற்கு மேல் எங்களுக்குச் சொல்வதில்லை.

மறுநாள் தூங்காமல் வந்தேன்.
மான்தோல் உறையை மணிக்கட்டில் சுற்றிக் கட்டி,
கால் அகட்டி,
என்னைவிட உயரமான வில்லைத் தலைக்கு மேல் தூக்கி
இறக்கினேன்.
அம்பு கன்னத்தில் பட்டு
உதட்டின் வரிசையில் வந்து நின்றது.
இந்த இடம்வரை நான் வந்ததே இல்லை.
குளிர்ந்த மூங்கில்.
இடது தோளில் ஒரு நடுக்கம்.
அப்போது கேட்டது,
என்னுடையதா அந்தக் காட்டினுடையதா தெரியாத
ஒரு மூச்சு.
இருக்கிறேன் என்றேன் மனசுக்குள்.
அது போயிற்று, வந்தது.
இன்னொன்று.
கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்த சத்தத்துக்கும்
அம்பு போகவில்லை.

எத்தனை நேரம் என்று எவரும் எண்ணவில்லை.
நாண் அடித்த ஒலிக்குப் பிறகும்
கைகள் இரண்டும் விரிந்தபடி நின்றேன்,
ஏதோ பெரிய துணியை
இன்னொருத்தியோடு சேர்ந்து மடிக்க
எதிர்முனைக்காகக் காத்திருப்பவள் மாதிரி.
கண்ணில் நீர். குளிர்தான்.

ஒட்டாவியா ஒன்றும் சொல்லவில்லை.
நருமி தலையைக் குனிந்தாள்,
அல்லது காலுறையைச் சரிசெய்தாள்.

அடுத்த அம்பு,
வில் பாதி இறங்குவதற்குள்,
போய்விட்டது.

ஸுராப் தன் பாஷையில் ஒரு சொல் சொன்னான்.
என்னவென்று கேட்டேன்.
அவர்கள் ஊரில் யாராவது தும்மினால்
அப்படித்தான் சொல்வார்களாம்:
வாழ்க.